கிணற்றடியில் கிடந்த புழுக்கை

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்திருந்தது. காலையில் கிணற்றடியைக் கூட்டப் போன அம்மா, விளக்குமாற்றைப் பிடித்தபடியே திரும்பி வந்தார்.

"பிள்ளை, எலி வந்திருக்கு. கிணத்தடி முழுக்கப் புழுக்கை."

போய்ப் பார்த்தேன். சீமெந்துத் தரையில் கரும்பச்சையாகப் பத்துப் பன்னிரண்டு உருண்டைகள் கிடந்தன. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒன்றை ஈர்க்கால் புரட்டினேன். எலிப் புழுக்கை நுனி கூர்ந்து நீட்டாக இருக்கும். இது சின்னப் பீப்பாய் மாதிரி இருந்தது. நெடுக ஆறு பள்ளங்கள், அச்சில் வைத்து அழுத்தி எடுத்ததுபோல ஒரே அளவில். எலிக்கு இவ்வளவு நேர்த்தி ஏது?

நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே நந்தியாவட்டை. கிணற்றுப் பக்கம் சாய்ந்திருந்த இரண்டு கொப்புகளில் நுனியிலிருந்து ஒரு முழத்துக்கு இலையே இல்லை. சில இடங்களில் நடு நரம்பு மட்டும் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. காம்பு கடிபட்ட இடத்தில் வெள்ளைப் பால் காய்ந்து கட்டியாகியிருந்தது.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. கந்தசட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். அந்த மரத்துப் பூவை நம்பித்தான் அவருடைய ஆறு நாள் விரதமே நடக்கும். பாலையூற்றிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் போனால் பூ வாங்கலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த கண்டில் ஆய்ந்த பூவை வைப்பதும், காசு கொடுத்து வாங்கிய பூவை வைப்பதும் ஒன்றா என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்காது.

அக்காவின் மகன் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் நின்றான். ஒன்பது வயது. புழுவைத் தேடும் வேலையை அவனிடம் கொடுத்தேன். பத்து நிமிடம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஒண்டும் இல்லை சித்தி" என்றான். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் புழுக்கை கிடந்த இடத்துக்கு நேர் மேலே கண்ணை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். இலை என்று நினைத்திருந்த ஒன்று வாயை அசைத்தது.

என் நடுவிரலைவிட நீளமும் மொத்தமுமான புழு அது. கொப்பின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகக் கிடந்தது. இலையின் பச்சைக்கும் அதன் பச்சைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கவாட்டில் தலையடியிலிருந்து வால்வரை ஒரு வெள்ளைக் கோடு போகும். கோட்டின் இரு கரையிலும் வெள்ளையும் இளநீலமுமாகப் பொட்டுகள், கோலமிட்டவர் கையை உதறியதுபோலச் சிந்திக் கிடக்கும். வாலில் குட்டையாக ஒரு மஞ்சள் கொம்பு. மயிர் ஒன்றுகூட இல்லை. மசுக்குட்டி என்றால் சொறியும் என்று பயந்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இதைத் தொட்டால் தோல் நீக்கிய திராட்சைபோலக் குளிர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தொட்டதும் அது செய்த வேலைதான் வேலை. தலையைக் கீழே மடக்கி, முன்னுடம்பை வளைத்துப் புடைத்தது. அதுவரை மடிப்பில் மறைந்திருந்த இரண்டு கண்கள் திறந்தன. நடுவில் வெள்ளை, சுற்றி நீலம், விளிம்பில் கறுப்பு. உண்மையான கண்கள் இல்லை, தோலில் வரைந்த கண்கள். ஆனால் அந்த நேரத்தில் யார் அதை யோசிக்கிறார்கள்? பெடியன், "சித்தி, பாம்பு!" என்று கிணற்றுக் கட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

இந்தப் புழு வளர்ந்து எதுவாக வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. போன வருடம் ஒரு நாள் மாலை, விறாந்தைச் சுவரில் லைட்டுக்குக் கீழே ஓர் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. விரித்த இறகு முழுக் கையகலம் இருக்கும். கடும்பச்சை, இளம்பச்சை, பால்வெள்ளை, நடுவில் மெல்லிய ரோஸ் நிறத்தில் வளைவுகள். அண்ணா பார்த்துவிட்டு, "ஆமி உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கு" என்றார். திருகோணமலையில் வளர்ந்த எவருக்கும் அந்தப் பச்சை வேறு எதையும் நினைவூட்டாது. பிறகு தேடிப் பார்த்தால் ஆங்கிலத்திலும் சிலர் அதை ஆமிப் பச்சை அந்து என்றே சொல்கிறார்களாம். அண்ணாவுக்கு அதில் பெரிய பெருமை.

அறிவியல் பெயர் டப்னிஸ் நெரியை. 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்தபோதே இதன் உணவை வைத்துத்தான் அழைத்தார். நேரியம் என்றால் அலரி. ஆக, உலகத்துக்கு இது அலரி அந்துப்பூச்சி. பருந்து அந்துகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. கூரான இறகும் வேகமான பறப்பும்தான் அந்தக் கூட்டத்தின் அடையாளம். ஆபிரிக்கா, தென்னாசியா எங்கும் உண்டு. கோடையில் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குள்ளும் போய்விடும்.

சரி, பெயர் அலரி. என் மரம் நந்தியாவட்டை. அப்படியென்றால் இது இங்கே என்ன செய்கிறது?

இந்தக் கேள்விதான் என்னை ஒரு மாதம் இழுத்துக்கொண்டு போனது. அதற்கு முன், மருந்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா அன்றைக்கே விவசாய மருந்து விற்கும் கடை ஒன்றுக்குப் போய்ப் புழுவுக்கு மருந்து கேட்டார். என்ன புழு, என்ன மரம், எத்தனை புழு என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு போத்தலை எடுத்து வைத்துவிட்டார்களாம். மிளகாய்த் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து. கிணற்றுக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரத்துக்கு அதை அடிப்பதா? நானும் அம்மாவும் முதன்முதலாக ஒரே கட்சியில் நின்று அந்தப் போத்தலைத் திருப்பி அனுப்பினோம்.

எண்ணிப் பார்த்ததில் மொத்தம் ஆறு புழு. அம்மாவோடு பேரம் பேசினேன். கிணற்றுப் பக்கத்துக் கொப்பு இரண்டிலும் இரண்டு புழு இருக்கட்டும், மற்ற நான்கையும் நான் வேறு இடத்துக்கு மாற்றுகிறேன், தெருப் பக்கத்துப் பூ முழுக்க உங்களுக்கு. அம்மா ஒத்துக்கொண்டார். "ஆனா சட்டி முடியுமட்டும்தான்" என்றார்.

எங்கே மாற்றுவது? படலையடியில் செவ்வலரி நிற்கிறது. இரண்டை அங்கே விட்டேன். முதல் நாள் இரண்டும் இலையை முகர்ந்துவிட்டு ஒதுங்கி இருந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்று இலையின் ஓரத்தைப் பிறை மாதிரி வெட்டித் தின்றுகொண்டிருந்தது. மற்றதைக் காணவில்லை. மதிலில் ஒரு செண்பகம் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது. சாட்சி இல்லாததால் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

மூன்றாவதைப் பட்டிப்பூவில் விட்டேன். இந்தியாவில் நித்தியகல்யாணி என்பார்களே, அதுதான். எங்கள் ஊரில் இதை யாரும் நடுவதில்லை, தானாக வரும். உப்புவெளிப் பக்கம் கடற்கரை மணலில், சவக்காலை மதிலோரத்தில், மதகுச் சந்துகளில் எல்லாம் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும். இந்தச் செடியின் சொந்த ஊர் மடகஸ்கார். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து இதிலிருந்துதான் வந்தது. புழுவுக்கு இந்த வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. விட்ட ஐந்தாவது நிமிடம் தின்னத் தொடங்கிவிட்டது. அடுத்த மூன்று நாளும் நான் சைக்கிளில் போய்ப் பட்டிப்பூப் பிடுங்கி வந்தேன். ரோட்டில் கண்ட ஒரு ஆன்ரி, "என்ன பிள்ளை, சீனி வருத்தமோ?" என்று கேட்டார். அந்த இலையைச் சீனி வருத்தத்துக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறவர்கள் இங்கே உண்டு. புழுவுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது அந்த ஒழுங்கையில் எனக்குச் சீனி வருத்தம்.

நான்காவது புழுவை ஓர் இனிப்புப் போத்தலில் விட்டு ஈழத்தலரி இலை கொடுத்தேன். பெயரில் அலரி இருக்கிறதே, பால் வேறு வடிகிறதே என்று நினைத்தேன். என் புழு அதைத் தொடவே இல்லை. அன்று இரவு முழுக்கப் போத்தலைச் சுற்றிச் சுற்றி நடந்தது. காலையில் நந்தியாவட்டை இலையை வைத்ததும் பாய்ந்து தின்றது. பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் நம் பெயர்களின் கூத்து எனக்குப் புரியத் தொடங்கியது. ஈழத்தலரி ஈழத்ததும் இல்லை, அலரியும் இல்லை. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த மரம். சிங்களத்தில் அதற்கு அரலிய என்று பெயர். நம் அலரியை அவர்கள் கனேரு என்பார்கள். கொழும்பில் பிரதமரின் வாசஸ்தலத்தைத் தமிழ்ச் செய்தியில் அலரி மாளிகை என்று வாசிக்கிறார்கள் அல்லவா, அங்கே பெயர் கொடுத்ததும் இந்த அரலிய மரம்தான். மஞ்சள் அலரி வேறொன்று. அதுவும் அமெரிக்கா. அதன் கொட்டையைப் பற்றி எங்கள் வடக்குக் கிழக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1980களிலிருந்து அது எத்தனையோ வீடுகளில் இழவு விழுத்தியிருக்கிறது. எங்கள் உறவிலும் ஒரு வீடு உண்டு. அதற்கு மேல் அதை இங்கே எழுத மனமில்லை.

ஆனால் இந்த மரஞ்செடிகள் அத்தனையும் ஒரே குடும்பம் என்பது உண்மை. நந்தியாவட்டை, செவ்வலரி, மஞ்சள் அலரி, ஈழத்தலரி, பட்டிப்பூ, இப்போது நேர்சரிகளில் அடிமரம் வீங்கிய சட்டிச் செடியாக விற்கும் அடீனியம், திருகோணமலைப் பற்றைக்காடுகளில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் கிளா, எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நாங்கள் இவற்றை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம்? ஒன்று சாமிக்கு, ஒன்று சவக்காலைக்கு, ஒன்று மருந்துக்கு, ஒன்று சாவுக்கு, ஒன்று தின்ன. அடீனியம் விருந்தினர் பார்க்க. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் அர்ச்சனைத் தட்டில் அலரியும் நந்தியாவட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், அவை சொந்தக்காரர் என்று எனக்கு நாற்பது வயதுவரை தோன்றியதில்லை. கடுகளவு முட்டையிலிருந்து வந்த புழு, முதல் கடியிலேயே சொந்தம் அறிகிறது. முட்டையிடும் தாய்க்கும் அது தெரிந்திருக்கிறது. இருட்டில் பறந்து வந்து, அவ்வளவு செடி நிற்கும் எங்கள் வளவில், மாவையும் முருங்கையையும் செவ்வரத்தையையும் விட்டுவிட்டுச் சரியாக இந்த மரத்தில் இறங்கியிருக்கிறாள்.

நஞ்சுக் கதைக்கு வருவோம். அலரி இலையில் இருக்கும் நஞ்சு இதயத்தைத் தாக்கும். நம் கலங்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும் ஒரு பம்பி உண்டு. நஞ்சு போய் அந்தப் பம்பியை அடைத்துவிடும். இதயத் துடிப்புத் தாறுமாறாகும். அப்படியென்றால் புழு எப்படித் தப்புகிறது? அமெரிக்காவின் மொனாக் வண்ணத்துப்பூச்சி, எருக்கங் குடும்பத்து இலைகளைத் தின்று இதே வகை நஞ்சைச் சமாளிக்கிறது. அதன் பம்பி நஞ்சு ஒட்டாதபடி மாறிவிட்டது. நம் அலரிப் புழுவும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைப்போம். 2009இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். இதன் பம்பி மாறவே இல்லை, நஞ்சு பட்டால் நன்றாகவே அடைபடும் என்று தெரிந்தது.

பிறகு 2013இல் வந்த ஆய்வு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. பூச்சியின் நரம்பு நாணைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. சில வகை நஞ்சு அந்த உறையைத் தாண்டவே முடியாது. தாண்டக்கூடிய வகைகளை, உறையில் இருக்கும் காவிப் புரதங்கள் பிடித்துப் பிடித்து வெளியே தள்ளுகின்றன. தம்பலகாமத்தில் வயல் செய்த என் தாத்தாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் சட்டென்று விளங்கியிருக்கும். வரம்பைக் கட்டு, மீறி வருகிற தண்ணீரை இறைத்து ஊற்று, பயிர் தப்பும். நஞ்சைத் தாங்கும் உடம்பு இல்லை, நஞ்சு அண்டாமல் காவல் இருக்கும் உடம்பு. அந்தக் காவல் ஓயாமல் நடக்க வேண்டும். நந்தியாவட்டையிலும் பட்டிப்பூவிலும் இருக்கும் நஞ்சு வேறு வகை, அல்கலோயிட்டுகள். அதையும் இதே வயிறுதான் சமாளிக்கிறது.

கந்தசட்டி வந்தது. தெருப் பக்கத்துக் கொப்புகளில் பூ இருந்தது, அம்மா சமாளித்துவிட்டார். ஐந்தாம் நாள் பூ குறைந்ததால் செவ்வரத்தை போட்டுக் கட்டினார். முருகனுக்குச் சிவப்புப் பிடிக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்தக் கிழமைதான் புழுக்கள் நிறம் மாறின. முதல் நாள் மாலை பச்சையாக இருந்தது, மறுநாள் காலை முதுகில் பழுப்பு ஏறி, மத்தியானத்துக்குள் காய்ந்த சருகின் நிறம். தீன் நின்றது. மரத்தை விட்டு இறங்கி விறுவிறுவென்று நடக்கத் தொடங்கியது. இரண்டு கிழமையாக ஒரு சாண் தூரம் நகராதது, சீமெந்தைக் கடந்து, துணி தோய்க்கும் கல்லைக் கடந்து ஓடுகிறது. புலுனிக் கூட்டம் ஒன்று வேலியில் சத்தம் போட, அக்காவின் மகன் ஓலைத் தொப்பியைப் பிடித்து நிழல் கொடுத்தபடி கூடவே நடந்தான். ஊர்வலம் மாதிரி இருந்தது.

என் பிழை இங்கேதான் நடந்தது. ஈழத்தலரிக்குத் தண்டனை பெற்ற அந்த நான்காவது புழுவை இனிப்புப் போத்தலிலேயே வைத்திருந்தேன். அடியில் பத்திரிகைத் தாள் மட்டும். இறங்கி ஒளிய அதற்குச் சருகு வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை நாள் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு ஒரு மூலையில் சுருண்டு, பாதித் தோல் கழன்ற நிலையில் கறுத்துப்போனது. பெடியன் கேட்டதற்கு வருத்தம் வந்து செத்தது என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போது அதுவும் உறுத்துகிறது.

மற்ற மூன்றுக்கும் மண்சட்டியில் மணலும், மேலே மாஞ்சருகும் நந்தியாவட்டைச் சருகும் போட்டு வைத்தேன். கிணற்றுக் கொப்பில் விட்ட இரண்டில் ஒன்று தானே இறங்கி எங்கோ போய்விட்டது, அதன் விதி அதற்கு. சட்டிக்குள் போனவை சருகை நாலு நூலால் தொடுத்துக்கொண்டு உள்ளே படுத்தன. பட்டுப்புழு மாதிரிக் கூடெல்லாம் கட்டவில்லை, மழைக்கு ஒதுங்கியவர் சாக்கை இழுத்துப் போர்த்துக்கொண்டதுபோல. மூன்றாம் நாள் மெதுவாக விலக்கிப் பார்த்தோம். மணிலாக் கொட்டை நிறத்தில் கூட்டுப்புழு, பக்கங்களில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி, வயிற்றுப் பக்கம் நடுவே ஒரு கறுப்புக் கோடு. விரல் பட்டதும் வாற்பக்கம் மட்டும் ஒரு தரம் சுழன்றது.

பதினைந்தாம் நாள் இரவு மழை. கரண்டும் போய்விட்டது. மெழுகுவர்த்தியோடு குசினிக்குப் போன அம்மா, "பிள்ளை, உன்ர சட்டிக்குள்ள ஏதோ சரசரக்குது" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்று வெளியே வந்து, சட்டியில் குத்தி வைத்திருந்த குச்சியில் ஏறிக்கொண்டிருந்தது. இறகுகள் நனைந்த துணித்துண்டு மாதிரிச் சுருங்கித் தொங்கின. அம்மா மெழுகுவர்த்தியைப் பிடித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் இருக்கும். சுருக்கம் மேலிருந்து கீழாக விரிந்தது. முதலில் பச்சை தெரிந்தது, பிறகு வெள்ளை வளைவு, கடைசியாக அந்த ரோஸ்.

"இதுக்கோ என்ர பூவெல்லாம் போனது" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை.

நடுச்சாமத்துக்கு அது நடுங்கத் தொடங்கியது. பறக்கமுன் இறகுத் தசையைச் சூடேற்றத்தான் இந்த நடுக்கம். பழைய லொறியை ஸ்ரார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் இரைய விடுவார்களே, அதே மாதிரி. பிறகு ஒரே எழும்பல். யன்னலால் போய்விட்டது. மற்ற இரண்டும் அடுத்த இரண்டு இரவில் எங்களுக்குச் சொல்லாமலே போயின.

மொட்டையாய் நின்ற கொப்புகள் கார்த்திகை கழிய முன்பே துளிர்த்துவிட்டன. மழைக்கு அந்த மரத்தைச் சொல்லவா வேண்டும். மார்கழித் திருவெம்பாவைக்கு முன் எப்போதும் இல்லாத பூ. விடிய நாலரைக்கு அம்மா ரோர்ச் லைட்டோடு பூ ஆயப் போவார். பக்கத்து வீட்டு மாமியும் கூடையோடு வருவார். ஒரு நாள் நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். மாமி கிணற்றுப் பக்கத்துக் கொப்பை வளைத்துப் பிடித்தார். அம்மா ரோர்ச்சை இலைக்கடியில் அடித்துக் குனிந்து பார்த்தார். அங்கே இளம்பச்சையாக, உருண்டையாக, கடுகளவில் ஒன்று ஒட்டியிருந்தது.

"அந்தக் கொப்பை விடுங்கோ மச்சாள்" என்றார் அம்மா. "அதில ஆள் இருக்கு."